தீவனப் புல்லுக்கு நுண்போசணை: ஊவா மலைநாட்டுக்கேற்ற அளவும் முறையும்

பதுளையிலிருந்து பசறைக்கும் ஹாலி-எலவுக்கும் பண்டாரவளைக்கும் செல்லும் வீதிகளிற் காலை வேளையிற் பயணஞ் செய்வோர், தலையிற் புற்கட்டுடன் நடந்து வருவோரைக் காணாதிருத்தல் அரிது. தோட்டங்களில் வாழுங் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பசுவோ இரண்டு ஆடோ உண்டு. பிரட்டுக்கு முன்னோ பின்னோ வெட்டப்படும் அப்புல், வீதியோரத்திலும் ஓடைக்கரையிலும் தேயிலை அழிந்த வெற்றிடங்களிலும் கிடைப்பது. அண்மைக் காலத்தில் இவற்றோடு, லயனுக்குப் பின்னாலோ மரக்கறித் தோட்டத்தின் வரம்பிலோ 10 பேர்ச், 20 பேர்ச் நிலத்திற் கோ-3 புல்லை நட்டு வளர்ப்போரும் பெருகியுள்ளனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து தோற்றுவிக்கப்பட்ட இக்கலப்பினம் இன்று இலங்கையின் பல பாகங்களிலும் காணப்படுகின்றது.

இவ்வாறு புல் வளர்ப்போரிடம் பெரும்பாலும் ஒரே முறைப்பாடு எழுகின்றது. முதலாண்டிற் கரும்புபோல் எழுந்த புல் மூன்றாமாண்டில் மெலிகின்றது; இலை வெளிறுகின்றது; பசுவோ வயிறு நிரம்ப உண்டும் பாலிற் குறைகின்றது, அல்லது காலத்திற் சினைப்படாது போகின்றது. கடைக்குச் சென்றால், வண்ணப் படம் ஒட்டிய சிறு போத்தல் ஒன்றைக் காட்டி, “நுண்போசணைக் குறைபாடு, இதை அடித்தாற் சரியாகும்” என்பர். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கக் கூடும். ஆனால் எந்த மூலகம், எவ்வளவு, எப்பொழுது என்பவற்றை அறியாது அடிக்கப்படும் மருந்து காசுக்கு நட்டம். ஒரு சில மூலகங்களைப் பொறுத்தவரை மாட்டின் உயிருக்கும் கேடு.

மண்ணின் இயல்பு

ஊவாப் பள்ளத்தாக்கின் பத்தனைப் புல்வெளிகள் பழமையானவை. பியர்சன் என்னும் தாவரவியலறிஞர் அவற்றின் புற்களைப் பற்றி 1899 ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியுள்ளார். மானாப் புல் மண்டிய அச்சரிவுகளைக் கண்டு, புல் தானாக வளரும் நிலத்திலே தீவனப் புல்லும் செழிக்கும் என எண்ணுதல் இயல்பு. உண்மை வேறு. மானாப் புல் வறிய நிலத்தைப் பொறுத்துக் கொள்வதனாலேயே அங்கு நிற்கின்றது. இளந்தளிராய் இருக்கும் சில வாரங்கள் தவிர மாடும் அதை விரும்பி உண்பதில்லை.

மாவட்டத்தின் மலைப்பாங்கான நிலங்கள் பெரும்பாலும் செம்மஞ்சட் பொட்சோலிக்கு மண் வகையைச் சேர்ந்தவை. அமிலத் தன்மை வாய்ந்தவை. தேயிலைக்கு பீ.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள மண் உகந்ததாதலால், தோட்ட நிலங்கள் அந்நிலையிலேயே வைக்கப்பட்டு வந்துள்ளன. இத்தகைய மண்ணில் இரும்பும் மங்கனீசும் எளிதிற் கரைவதனாற் பயிருக்கு அவை குறைவதில்லை, மிகுதலே உண்டு. ஆதலின், கடையில் விற்கும் பல்மூலகக் கலவைகளில் இரும்பும் மங்கனீசும் இருப்பின், அவற்றுக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் வீண். மாறாக, மொலிப்டினம் அமில மண்ணிற் கட்டுண்டு பயிருக்குக் கிட்டாது போகும். போரன் மழைநீருடன் கீழே கழுவப்பட்டுச் செல்லும். துத்தநாகம் எனவும் வழங்கும் நாகம் இன்னொரு வழியாற் குறைகின்றது.

வெலிமடை, ஊவா-பரணகம முதலிய இடங்களிற் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளையும் வயல்கள் உண்டு. கிழங்குக்கும் கோவாவுக்கும் ஆண்டுதோறும் இடப்படும் பொசுபேற்றுப் பசளையிற் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிச் சேர்ந்து வருகின்றது. பொசுபரசு மிகுந்த மண்ணிற் பயிர் நாகத்தை எடுத்துக்கொள்வது தடைப்படும். வேலியோரத்துப் புல் இத்தகைய நிலத்தில் வளருமாயின், பொசுபேற்றை மேலும் இடுவது குறைபாட்டை வளர்ப்பதேயன்றித் தீர்ப்பதாகாது.

நாகக் குறைபாடு ஊவாக் கமக்காரர் அறியாத பொருளன்று. தேயிலையிற் கணுவிடை குறுகி, இலை சிறுத்து அரிவாள்போல் வளைவது நாகக் குறைபாட்டின் அடையாளம். நாக சல்பேற்றுக் கரைசலைத் தேயிலை மீது தெளித்தல் தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். நெல்லில் இதன் கதை சற்றுப் பிந்தியது. வட இந்தியாவின் தராய்ப் பகுதியில் நாற்று நட்ட சில வாரங்களில் இலைகள் துருநிறம் பெற்றுப் பயிர் குன்றிய ‘கைரா’ நோய், கிருமியால் வந்ததன்று, நாகக் குறைவால் வந்ததே என்பதைப் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர் 1966 இல் எடுத்துக்காட்டினார். தேயிலைக்கும் நெல்லுக்கும் உண்டான குறை அதே மண்ணில் நிற்கும் புல்லுக்கு மட்டும் இல்லாதிருக்க நியாயமில்லை. புல் வாய்திறந்து சொல்லாது. நெல்லைப்போல் அதைக் குனிந்து பார்ப்பாரும் இல்லை.

புல் கொண்டு செல்வது எவ்வளவு?

அளவறிந்து பசளையிடுதற்கு முதற்படி, புல் வெட்டும்போது நிலத்தை விட்டுப் போவது யாது எனக் கணக்கிடுதல். 20 பேர்ச் நிலத்திலிருந்து ஆண்டொன்றில் 5 தொன் பச்சைப்புல் வெட்டப்படுவதாகக் கொள்வோம். அதில் நீர் போக எஞ்சும் உலர்பொருள் ஏறக்குறைய ஒரு தொன். ஒரு தொன் உலர்ந்த புல்லில் நாகம் பொதுவாக 20 முதல் 40 கிராம் வரையும், செம்பு 5 முதல் 8 கிராம் வரையும் இருக்கும். மொலிப்டினமோ ஒரு கிராமை எட்டுவதே அரிது. ஆனால் அதே புற்கட்டுகளோடு பொற்றாசியம் சுமார் 20 கிலோகிராம் வெளியேறுகின்றது. நைதரசன் 15 கிலோகிராமுக்குக் குறையாது.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். முதலாவது, மூன்றாமாண்டில் மெலியும் புல்லிற் பெரும்பாலானவற்றுக்கு உற்ற குறை நுண்போசணைக் குறையன்று, பொற்றாசியக் குறையே. 20 கிலோகிராம் பொற்றாசியம் என்பது ஏறக்குறைய 40 கிலோகிராம் மியூரியேற்றுப் பொற்றாசுக்குச் சமம். புல்லுக்கு யூரியாவை மட்டும் இடுவோர் இத்தனையையும் ஆண்டுதோறும் மண்ணிலிருந்து கடன் வாங்குகின்றனர். பழைய இலைகளின் நுனியும் ஓரமும் கருகி வருமாயின் முதலில் ஐயுறற்பாலது பொற்றாசியமே. பெரும்போசணை தீர்ந்த நிலத்தில் நுண்போசணையைத் தெளிப்பது, அரிசியில்லாத வீட்டில் உப்புக்கு அலைவது போலாம்.

இரண்டாவது, சாணத்தைப் பற்றியது. மாடு உண்ட நாகத்திலும் செம்பிலும் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறுகின்றது; பொற்றாசியத்திற் பெரும்பகுதி சிறுநீரோடு செல்கின்றது. ஆனால் தோட்டப்பகுதிகளிற் சாணம் எங்கே போகின்றது? போஞ்சிக்கும் கறட்டுக்கும் போகின்றது. மூட்டையாக விலைக்கும் போகின்றது. சிறுநீர் தொழுவத்துக் கானோடு ஓடிவிடுகின்றது. புல் நின்ற நிலத்துக்கு ஒரு கூடையேனும் திரும்புவதில்லை. இவ்வழக்கம் பிழையானது எனக் கூறமுடியாது; மரக்கறியே குடும்பத்துக்குக் கைக்காசு தருவது. எனினும், கிடைக்கும் சாணத்தில் நான்கிலொரு பங்கையும், தொழுவத்துச் சிறுநீரைத் தண்ணீருடன் கலந்து வாய்க்கால் வழியாகவும், புல்லுக்குத் திருப்பும் குடும்பம் எந்தப் போத்தலையும் வாங்குமுன்னரே பாதிக் காரியத்தை முடித்துவிடும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதன்பின் பசளை விலை ஏறிய ஏற்றத்தில், எந்தப் பையை முதலில் வாங்குவது என்பதே பல குடும்பங்களுக்கு ஒரு பெரும் முடிவாயிற்று. மேலே சொன்ன கணக்கு அம்முடிவுக்கு உதவும்.

மொலிப்டினத்தின் கதை

நுண்போசணை என்பது எத்துணை நுண்ணியது என அறிய அவுஸ்திரேலியாவின் அனுபவமொன்று உதவும். தென் அவுஸ்திரேலியாவின் இரும்புக்கல் மண்ணிற் குளோவர் என்னும் அவரையினத் தீவனப் பயிர் செழிக்காது நின்றது. விறகுச் சாம்பல் இட்ட இடத்தில் மட்டும் அது நன்கு வளர்ந்தது. சாம்பலிலிருந்த எப்பொருள் இவ்வேலையைச் செய்தது என ஆராய்ந்த அன்டர்சன் என்பார், அது மொலிப்டினமே என 1942 இல் வெளியிட்டார். ஏக்கருக்கு ஓரிரு அவுன்சு போதுமாயிற்று. வேர்முடிச்சிலுள்ள பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பதிப்பதற்கு மொலிப்டினம் இன்றியமையாதது. அஃதின்றேல், அவரையினப் பயிர் அவரையினமாயிருந்தும் நைதரசனுக்கு ஏங்கும்.

ஊவாவின் அமில மண்ணிலும் கிளிரிசிடியா, டெசுமோடியம் முதலிய அவரையினத் தீவனங்கள் வளர்க்கப்படுவதனால் இஃது கவனிக்கத்தக்கது. ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தாற் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பின் நைதரசன் பதிக்கப்படுகின்றது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருப்பின் பதிக்கப்படவில்லை. மரக்கறி செய்வோருக்கு இன்னோர் அடையாளமும் கிட்டும். பூக்கோவாவின் இலையிற் பரப்புக் குறைந்து நடுநரம்பு மட்டும் சாட்டைபோல் நீண்டு நிற்குமாயின் அது மொலிப்டினக் குறைவின் குறி. அதன் தண்டு உள்ளே பொள்ளலாகிப் பழுப்படையுமாயின் போரன் குறைவை ஐயுறலாம். புல்லிற் காண முடியாதவற்றைப் பூக்கோவா காட்டிக்கொடுக்கும்.

இக்குறைக்கு முதல் மருந்து மொலிப்டினம் அன்று, தொலமைற்றே. அமிலத் தன்மை தணிந்தால் மண்ணிற் கட்டுண்டிருக்கும் மொலிப்டினம் தானே விடுபடும். புல்லுக்கும் அவரையினத் தீவனத்துக்கும் பீ.எச். 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நன்று. ஆனால் அளவு மீறிச் சுண்ணாம்பு இட்டால் நாகமும் போரனும் மங்கனீசும் கிட்டாது போகும். ஒரு கதவைத் திறக்கப் போய் இன்னொன்றை அடைத்த கதையாகும். ஆகையினால், மட்பரிசோதனை முடிவைக் கண்ட பின்னரே தொலமைற்றின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். புற்பாத்திக்குக் கீழ்ச்சரிவிலே தேயிலை நிற்குமாயின் மழைக்கு முன் அதனைத் தூவுதல் ஆகாது.

தொலமைற்று இட்டும் வேர்முடிச்சு வெளுத்தே இருப்பின், ஹெக்டேயருக்கு 250 கிராம் சோடியம் மொலிப்டேற்றுப் போதுமானது. 20 பேர்ச் நிலத்துக்கு இது 12 கிராம் அளவே. ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. கண்ணளவில் இடுதற்குரிய பொருள் இஃதன்று. மொலிப்டினம் மிகுந்த புல்லை உண்ணும் மாட்டின் உடல் செம்பைப் பயன்படுத்த இயலாது போகும். இங்கிலாந்தின் சொமர்செற்றுப் பகுதியில் ‘டியற்று’ என வழங்கிய மேய்ச்சல் நிலங்களிற் பசுக்கள் ஓயாது கழிந்து மெலிந்து வந்தமைக்குக் காரணம் புல்லிலிருந்த மிகுதியான மொலிப்டினமே என 1938 இற் கண்டறியப்பட்டது. அவற்றுக்குச் செப்புச் சல்பேற்றே மருந்தாயிற்று. ஆகவே ஒருமுறை இட்ட நிலத்தில் அடுத்த சில ஆண்டுகளுக்கு மொலிப்டினம் இடற்க.

நாகத்தை இடும் முறை

புல்லிலே நாகக் குறைவு தெளிவாகத் தெரிவதில்லை. புற்பாத்தியின் ஓரத்திற் பத்துச் சோள விதைகளை ஊன்றினால் அவை சாட்சி சொல்லும்: மூன்று நான்கு வாரத்தில் இளம் இலைகளின் அடிப்பாகத்தில், நடுநரம்பின் இருமருங்கும் வெண்மையான அகன்ற பட்டை தோன்றுமாயின் நாகம் குறைவு.

இந்திய ஆராய்ச்சி நிலையங்களில் நெடுநாளாக வழங்கிவரும் அளவு ஹெக்டேயருக்கு 25 கிலோகிராம் நாக சல்பேற்று. 20 பேர்ச் என்பது ஹெக்டேயரில் இருபதிலொரு பங்காதலின், இதற்கு 1¼ கிலோகிராம் போதும். இவ்வளவிலே சுமார் 265 கிராம் நாகம் உண்டு. மேலே சொன்ன கணக்கின்படி புல் ஆண்டுக்குக் கொண்டு செல்வது 30 கிராம் மட்டுமே. ஆதலின் இதனை ஆண்டுதோறும் இடுதல் வீண் செலவு. மண்ணிற் சிறிது கட்டுண்டு போவதையும் கருதினால், இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை, பரிசோதித்த பின் இடுவது தகும். சிறு அளவை நிலமெங்கும் ஒரே சீராகப் பரப்புதற்கு, பத்துக் கிலோகிராம் மக்கிய கூட்டெருவுடன் நன்கு கலந்து, வரிசைக்கு இத்தனை பிடி எனப் பங்கிட்டு, புல் வெட்டிய மறுநாள் ஈர மண்ணில் வரிசையோரமாக இட்டுக் கிளறிவிடல் வேண்டும். பொசுபேற்றுப் பசளையோடு கலந்து இடற்க.

இங்கு ஓர் எச்சரிக்கை. நாக சல்பேற்று இருவகையாக விற்கப்படுகின்றது. ஒன்றில் நாகம் நூற்றுக்கு 21 பங்கு. மற்றையதில் 33 பங்குக்குக் குறையாது. பார்வைக்கு இரண்டும் வெண்ணிறமே. மேலே கூறிய 1¼ கிலோகிராம் முதல் வகைக்குரியது. இரண்டாம் வகையாயின் 800 கிராமே போதும். பையில் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்குதல் வேண்டும். அச்சில்லாத பையை வாங்காதிருத்தலே நலம்.

நிலம் மிகச் சரிவாயிருப்பின் அல்லது மண்ணிற் பொசுபரசு மிகுந்திருப்பின், இலைவழித் தெளித்தல் சிறந்தது. 16 லீற்றர் கைத்தெளிகருவிக்கு முதல் வகை நாக சல்பேற்று 80 கிராம். இலை கருகாதிருக்க, நீற்றிய சுண்ணாம்பு 40 கிராமைத் தனியாகக் கரைத்துத் தெளிவித்து, வடிகட்டிச் சேர்க்க வேண்டும். 20 பேர்ச்சுக்கு இரண்டு கருவி நீருக்குட் போதும். புல் வெட்டி இரண்டு மூன்று வாரத்தில், புதிய இலை கையகலம் விரிந்த பின், மாலை வேளையில் அடிக்கலாம். ஏப்ரல் மழையும் ஒக்டோபரிற் தொடங்கும் மழையும் இதற்கேற்ற காலங்கள். யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் கச்சான் காற்றிலே தெளித்தல் பயனற்றது. ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தரும் அவ்வறண்ட காற்றே பசுவின் புல்லைக் காயவைப்பதும். அக்காலத்திற் புல்லுக்கு வேண்டியது நீர், நாகமன்று.

போரன் தரும் வெண்காரம் புல்லுக்கு அரிதாகவே வேண்டப்படும். புல்லினங்கள் மிகச் சிறிதளவே கேட்பன. அடுத்த போகத்தில் அவ்விடத்திற் போஞ்சி இடுவதாயின் வெண்காரத்தை அறவே தவிர்த்தல் வேண்டும். சற்று மிகினும் போஞ்சியின் இலையோரங்கள் கருகிவிடும்.

பசுவின் குறையும் புல்லின் குறையும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெருந்தவறு. கோபாற்று என்னும் மூலகத்தைப் புல் ஏறக்குறைய வேண்டுவதேயில்லை. ஆனால் அஃதின்றேல், மாட்டின் முதலிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் விற்றமின் பி12 ஐ ஆக்கமாட்டா. 1935 இல் அவுஸ்திரேலிய அறிஞர் கோபாற்றுக் குறைவைக் கண்டறியுமுன், பச்சைப்பசேலென்ற மேய்ச்சல் நிலத்தில் நின்றே ஆடுமாடுகள் பசியின்றி மெலிந்து இறந்தன. பின்லாந்து நாட்டில் 1984 முதல், மக்களுக்கும் கால்நடைக்கும் போதாத செலேனியத்தைப் பசளையிலேயே கலந்து வருகின்றனர். அது நாடு முழுவதும் அளந்து, ஒரே திட்டமாகச் செய்யப்பட்ட வேலை. 20 பேர்ச் புல்லும் ஒரு பசுவும் உள்ள குடும்பம் அவ்வழியைப் பின்பற்ற வேண்டியதில்லை.

புல்லுக்குக் குறையில்லாது பசுவுக்கு மட்டும் குறையிருப்பின், கனியுப்புக் கலவையை மாட்டின் வாயிற் கொடுப்பதே மலிவும் விரைவுமாகும். செம்பு இதற்கு நல்ல உதாரணம். கருநிற மாட்டின் உரோமம் துருநிறமாக வெளிறுதல், கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டாற்போல் வெளுத்தல், சினைப்படுதல் பிந்துதல் ஆகியவை செப்புக் குறைவைக் காட்டலாம். குடற்புழுவும் அரைவயிற்று உணவும் ஏறக்குறைய இதே தோற்றத்தைத் தரும் என்பதை மறத்தலாகாது. ஆதலின் மிருக வைத்தியரைக் காட்டிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும். புல் மீது மயில்துத்தத்தைத் தெளித்து இதைத் தீர்க்க முயல்வோர் உளர். இலையிற் படிந்த செம்பு செம்மறியாட்டின் ஈரலிற் சேர்ந்து அதனைக் கொன்றுவிடும். அருகே செம்மறி வளர்ப்போர் இருப்பின் இம்முயற்சி அறவே ஆகாது. மாட்டுக்குரிய கனியுப்புக் கலவையைச் செம்மறிக்கு வைப்பதும் இதே கேட்டைத் தரும்.

தேயிலை நிரைகளுக்கிடையே புல் அறுப்போர், அம்மலையிற் கடைசியாகக் களைநாசினியோ செப்பு மருந்தோ அடித்த நாளைக் கங்காணியிடம் கேட்டறிந்த பின் அரிவாளை வைத்தல் வேண்டும். அண்மையில் அடித்திருப்பின், அன்று வேறு மலையைத் தேடுதலே தகும்.

சோதித்துப் பார்த்தல்

பெரு நாடுகளிற் செய்மதியும் கணிப்பொறியும் வழிகாட்ட, ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு அளவிற் பசளையிடும் பொறிகள் உள்ளன. மலைச்சரிவில் 20 பேர்ச் உடையவர் அதே நுட்பத்தை ஒரு கயிற்றாலும் ஒரு தொங்கு தராசாலும் பெறலாம். பாத்தியைச் சரிவின் குறுக்கே மூன்று பட்டைகளாகக் கயிறு கட்டிப் பிரிக்க. மேற்பட்டையில் வழக்கமான பசளை மட்டும். நடுப்பட்டையில் அதனுடன் பொற்றாசு. கீழ்ப்பட்டையில் பொற்றாசுடன் நாகமும். கீழ்ப்பட்டையில் இட்டது மேலே ஏறாது என்பதனாலேயே இவ்வொழுங்கு. ஆனால் மேலிருந்து கழுவப்படும் வளமும் கீழ்ப்பட்டையிலேயே சேரும். ஆகவே பசளையை மாற்றுமுன் ஒரு வெட்டுப் புல்லைப் பட்டை பட்டையாக நிறுத்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின் இரண்டு வெட்டுகளை நிறுத்து, முன்னிருந்த நிறையோடு ஒப்பிட்டால் எது பயன் தந்தது எனத் தெரியும். நடுப்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒரே அளவிற் கூடியிருப்பின், நாகத்துக்குச் செலவிட வேண்டியதில்லை என்பது விடை. அப்பணத்துக்கு மாட்டுக்குக் கனியுப்பு வாங்கலாம்.

மட்பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது, சாணம் குவித்த இடத்தையும் சாம்பல் கொட்டிய இடத்தையும் நீக்கி, வளைந்து வளைந்து நடந்து எட்டுப் பத்து இடங்களில் ஆறங்குல ஆழம் வரை எடுத்தல் வேண்டும். நாகப்பூச்சுப் பூசிய தகர வாளியிற் சேர்க்கலாகாது. வாளியின் நாகம் மண்ணோடு கலந்து, இல்லாத வளத்தை இருப்பதாகக் காட்டும். பிளாத்திக்கு வாளியே ஏற்றது. சேர்த்த மண்ணை நன்கு கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோகிராம் எஞ்சும் வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்திப் பையிலிடுக. பையின் உள்ளும் புறமும் பெயர், தோட்டப் பிரிவு, எடுத்த நாள், முன் நின்ற பயிர், கடைசியாக இட்ட பசளை, தொலமைற்று இட்ட ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். மை ஈரத்திற் கரைந்துவிடும்.